முள்கரண்டிக்கு அர்த்தம் உண்டா? (அன்றாடப் பொருள்களும் அவற்றின் வடிவமும்: படம் எடுப்பவர்களுக்கான இழை)

ஜனவரி 6, மாலை | கேள்வி

வீட்டில் கிடக்கும் சாமானைப் படம் எடுத்துவிட்டு "வடிவத்துக்குள் ஒளிந்திருக்கும் அர்த்தம்" என்று போடுகிறார்களே, அது முழுக்கத் தலைப்பின் வேலை என்பது என் கட்சி. பிளக் பாயின்ட்டில் முகம், கத்தரிக்கோலில் கொக்கு, ஹாங்கரில் மனிதன். தலைப்பை எடுத்துவிட்டால் கத்தரிக்கோல் கத்தரிக்கோல்தான். தவறு என்றால் மறுத்துச் சொல்லுங்கள், ஆனால் தத்துவம் வேண்டாம். எங்கே வைப்பது, விளக்கு எங்கே, கேமரா எங்கே என்று செய்முறையாகச் சொல்லுங்கள். என்னிடம் ஃபோன் கேமராதான் இருக்கிறது. நான் எடுக்கும் கோப்பை எல்லாம் உப்பிய பூசணி மாதிரி வருகிறது.

ஜனவரி 6, இரவு | பதில்

பாதி ஒத்துக்கொள்கிறேன். பிளக் பாயின்ட்டில் முகம் தெரிவதற்குப் படம் எடுப்பவரின் திறமை எதுவும் தேவையில்லை. மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தால் போதும், சுமார் 170 மில்லி விநாடிக்குள் மூளை "முகம்" என்று தீர்ப்பு எழுதிவிடும். சிக்கலும் அதுதான். தீர்ப்பு வந்த பிறகு பார்ப்பவருக்கு அந்தப் படத்தில் வேலை இல்லை, சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். அமெரிக்கக் கலைஞர் மேன் ரே 1918இல் முட்டை அடிக்கும் கருவி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் நிழலோடு படம் எடுத்தார். ஒரு பிரதிக்கு "ஆண்" என்று பெயர், அதே படத்தின் இன்னொரு பிரதிக்குப் "பெண்" என்று பெயர். தலைப்பை மாற்றினால் அர்த்தம் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல கேலி கிடைக்காது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு. புகைப்படக்காரர் ஆந்த்ரே கெர்தேஸ் 1928இல் பாரிசில் எடுத்த முள்கரண்டி. தட்டின் விளிம்பில் சாய்ந்து கிடக்கிறது, கீழே நிழல், வேறு எதுவும் இல்லை. அது எதைப் போலவும் இல்லை, முள்கரண்டியாகவேதான் இருக்கிறது. ஆனாலும் கண் அதைவிட்டு நகர மறுக்கிறது. சாய்ந்த உலோகம் ஒன்று, நிழல் கோடுகள் சில, தட்டின் வளைவு ஒன்று, இவை ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த இழுவையைத்தான் இந்த இழையில் நான் அர்த்தம் என்று சொல்லப்போகிறேன். "இது எதைப் போல இருக்கிறது" என்ற கேள்வியை விட்டுவிட்டு "இது எப்படி நிற்கிறது" என்று கேட்டால் வழி கிடைக்கும்.

பூசணி விவகாரம் நாளை.

ஜனவரி 7

பூசணிக்குக் காரணம் தூரம், லென்ஸ் அல்ல. 8 செ.மீ. அகலக் கோப்பையின் முன் விளிம்பு கேமராவிலிருந்து 20 செ.மீ.யில் இருந்தால் பின் விளிம்பு 28 செ.மீ.யில் இருக்கும். 28ஐ 20ஆல் வகுத்தால் 1.4. அதாவது முன்பக்கம் பின்பக்கத்தைவிட 40 சதவீதம் பெரிதாக விழுகிறது. 60 செ.மீ. தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் 13 சதவீதம், 1 மீட்டரில் 8 சதவீதம். நேரில் பார்க்கும்போது நமக்குப் பழகிய வடிவம் இந்த 60 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் இடைப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில்தானே எல்லாப் பொருளும் இருக்கிறது.

ஃபோனின் சாதாரணக் கேமரா அகலப் பார்வை கொண்டது (பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. லென்ஸ்). அதில் பொருளைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்றால் கிட்டே போகத்தான் தோன்றும். போகாதீர்கள். தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூமில் எடுங்கள். 3 மடங்கு லென்ஸில் 60 செ.மீ. தூரத்திலிருந்து படத்தின் நீளப் பக்கம் சுமார் 30 செ.மீ. இடத்தைப் பிடிக்கும். 10 செ.மீ. உயரக் கோப்பை அதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 4000 பிக்சல் அகலத்தில் பாதியை வெட்டினாலும் 2000 மிஞ்சும், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 17 செ.மீ. அச்சுக்குப் போதும்.

உப்பலே வேண்டும் என்று முடிவு செய்து கிட்டே போவது வேறு. கெட்டிலின் மூக்கு முகத்தில் மோதுவது போல வேண்டுமானால் 12 செ.மீ.க்குப் போங்கள். அப்போது அது தேர்வு. தெரியாமல் நடந்தால் அது பூசணி.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

ஒரு எச்சரிக்கை விட்டுப்போயிற்று. நீங்கள் 3 மடங்கு அழுத்தினாலும் பல ஃபோன்கள் பொருள் கிட்டே இருக்கிறது அல்லது வெளிச்சம் குறைவு என்று தெரிந்தால் சத்தமில்லாமல் சாதாரண லென்ஸுக்கு மாறி, அதை வெட்டிப் பெரிதாக்கித் தரும். படம் மசமசவென்று வரும். கண்டுபிடிக்க எளிய வழி: ஜூம் லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருட்டாகவில்லை என்றால் அந்த லென்ஸ் வேலை செய்யவில்லை. இன்னும் 20 செ.மீ. பின்னால் போங்கள், அல்லது வெளிச்சத்தைக் கூட்டுங்கள். இதே போல மிகக் கிட்டே போனால் தானாக மேக்ரோவுக்குத் தாவுவதும் உண்டு. அது பெரும்பாலும் அதிஅகல லென்ஸ், பூசணியின் பெரியப்பா. அமைப்பில் அணைத்துவிடுங்கள்.

ஜனவரி 9

வெளிச்சம். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் வடிவம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி நிழல்தான்.

முதலில் அறை விளக்கை அணையுங்கள். கூரை விளக்கும் ஜன்னலும் மேசை விளக்கும் சேர்ந்தால் ஒரு கரண்டிக்கு மூன்று நிழல் விழும், மூன்றும் வெவ்வேறு நிறத்தில். ஒரே ஒரு ஒளி போதும்.

இப்போது முள்கரண்டியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, அதன் முனை தாளிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி தட்டின் விளிம்பில் சாய்த்து வையுங்கள். 6 செ.மீ. குமிழ் பல்ப் ஒன்றை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் நிழலின் ஓரத்தில் விழும் மங்கல் பட்டை சுமார் 4 மி.மீ. அகலம் இருக்கும். முள்ளின் அகலமும் இரண்டு முள்ளுக்கு இடையிலுள்ள சந்தும் பெரும்பாலும் 3 மி.மீ. அளவுதான். ஆக, நிழலில் நான்கு முள்ளும் கரைந்து ஒரே சாம்பல் திட்டாகிவிடும். அதே பல்பை 1 மீட்டருக்குத் தள்ளுங்கள். மங்கல் 1.2 மி.மீ. ஆகிவிடும், முட்கள் தனித்தனியாக நிழலில் எழுந்து நிற்கும். நேர் வெயிலில் 0.2 மி.மீ. கூட இருக்காது, கத்தியால் கீறினது போல விழும். இன்னொரு ஃபோனின் டார்ச்சை 1 மீட்டரில் பிடித்தால் அதைவிடக் கூர்மை.

கணக்கு எளிது: ஒளியின் அகலத்தைப் பொருளுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, ஒளிக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் மங்கலின் அகலம். நிழலைக் கூர்மையாக்க விளக்கை மாற்ற வேண்டாம், தள்ளி வைத்தாலே போதும்.

நிழலின் நீளத்துக்கு ஒளியின் சாய்வு. மேசை மட்டத்திலிருந்து 45 பாகையில் பொருளின் உயரமே நிழலின் நீளம். 30 பாகையில் 1.7 மடங்கு, 20 பாகையில் 2.7 மடங்கு. நிழல் இரண்டு மடங்கைத் தாண்டினால் பார்ப்பவர் கண்ணுக்குப் பொருள் சின்னதாகி, நிழல்தான் கதாநாயகன். அது வேண்டுமா என்பதை விளக்கை வைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

விளக்கைத் தள்ளி வைப்பதில் இன்னொரு லாபம். 30 செ.மீ.யில் விளக்கு இருந்தால் கோப்பையின் விளக்குப் பக்கம் மறுபக்கத்தைவிட 1.7 மடங்கு வெளிச்சம் வாங்கும். 1 மீட்டரில் வித்தியாசம் 1.2 மடங்குதான். கிட்டே வைத்தால் நாடகம், தள்ளி வைத்தால் அமைதி. இரண்டும் சரியே.

ஜனவரி 9, பின்னிரவு

தூக்கம் வராதவர்களுக்கு ஒரு விளையாட்டு. கரண்டியின் குழிப் பக்கத்தை, படத்தின் கீழ் ஓரத்திலிருந்து வரும் ஒளியில் எடுத்துப் பாருங்கள். குழி மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவு கட்டி வைத்திருக்கிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மறுபடி குழி. மேற்பரப்பு பளபளப்பாக இருந்தால் இந்த வித்தை சரியாக நடக்காது, மங்கலான மேற்பரப்புள்ள கரண்டியோ பீங்கானோ வேண்டும். படத்தில் கை, மேசை விளிம்பு என்று எதுவும் வரக் கூடாது. வந்தால் மூளை உடனே உஷாராகிவிடும்.

ஜனவரி 11

கேள்வி கேட்டவர் முள்கரண்டியை எடுத்துவிட்டாராம். "நிழல் நன்றாக விழுந்தது, இப்போது அது நிழலோடு கூடிய முள்கரண்டி, அவ்வளவுதான்" என்கிறார். நியாயம். நிழல் விழுந்ததால் மட்டும் படம் பேசாது.

எப்படி நிற்கிறது என்று கேட்கச் சொன்னேன் இல்லையா, அதை விரிக்கிறேன். எந்தப் பொருளிலும் நான்கு விஷயத்தைத் தேடலாம். எடை எங்கே இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே இறுக்கம் இருக்கிறது, எது திறந்திருக்கிறது எது மூடியிருக்கிறது. இவை நம் உடம்புக்குத் தெரிந்த சங்கதிகள். நாமும் சாய்கிறோம், இறுகுகிறோம், பாரம் தாங்குகிறோம். அதனால்தான் முகம் இல்லாத பொருளும் நமக்கு ஏதோ சொல்கிறது.

துணிக் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மரக் கிளிப். இரண்டு மரத்துண்டு, நடுவில் ஒரு கம்பிச் சுருள். படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் கடை விலைப்பட்டியலில் வரும் படம். பக்கவாட்டில், கம்பிச் சுருள் லென்ஸைப் பார்க்கும்படி, லென்ஸ் அதே உயரத்தில் இருக்க எடுத்தால் மூன்று வேறு படங்கள் கிடைக்கும். சும்மா மூடியிருக்கும்போது இரண்டு துண்டும் முனையில் ஒட்டி, வால் பக்கம் விரிந்திருக்கும். தடித்த துணி ஒன்றைக் கவ்வியிருக்கும்போது முனை திறந்து, சுருள் கம்பியின் கை மரத்தின் காடியில் அழுந்தியிருப்பது தெரியும். இங்கே இறுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாவது, கம்பி கழன்று துண்டுகள் தனித்தனியாகக் கிடப்பது. ஒரே சாமான், பொறுமை, உழைப்பு, தளர்வு. தலைப்பு எதுவும் தேவைப்படவில்லை.

இதில் தப்பு நடக்கும் இடம் லென்ஸின் உயரம். நின்றுகொண்டே குனிந்து எடுத்தால் எல்லாப் பொருளும் மேலிருந்து 50, 60 பாகையில் விழும், எடை இறங்கும் இடம் மறைந்துவிடும். பொருள் தரையைத் தொடும் கோடு படத்தில் தெரிய வேண்டும். லென்ஸை மேசை மட்டத்துக்கு இறக்குங்கள், 0 முதல் 15 பாகைக்குள். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மேசையை ஒட்டி வந்துவிடும்.

ஜனவரி 12

பளபளக்கும் கரண்டியில் தன் முகமும் ஃபோனும் தெரிகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பளபளப்பான பொருளுக்குத் தனி வெளிச்சம் கிடையாது, சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். ஆகவே பொருளை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தை ஒழுங்கு செய்யுங்கள். டிரேசிங் பேப்பரைக் கூடாரம் போலச் சுற்றி நிறுத்தி, விளக்கைப் பேப்பருக்கு வெளியே வையுங்கள். லென்ஸுக்கு மட்டும் ஒரு ஓட்டை.

அப்படி எடுத்தால் கரண்டி வெளுத்து, விளிம்பே இல்லாமல் பின்னணியில் கரைந்துபோகும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். 2 செ.மீ. அகலத்தில் கறுப்பு அட்டைக் கீற்று இரண்டு வெட்டி, கூடாரத்துக்குள், படத்தில் வராத இடத்தில், கரண்டியின் இருபுறமும் நிறுத்துங்கள். அவை கரண்டியில் பிரதிபலித்து ஓரமெல்லாம் கறுப்புக் கோடு போடும். அட்டையை ஒரு செ.மீ. நகர்த்தினால் கோட்டின் தடிமன் மாறும். பென்சிலால் வரைவதற்குப் பதில் அட்டையால் வரைகிறீர்கள்.

கண்ணாடி டம்ளருக்கு இரண்டே வழி. பின்னால் வெளிச்சமான வெள்ளைப் பரப்பு, ஆனால் அது படச் சட்டத்தை மட்டும் நிரப்பும் அளவு. சட்டத்துக்கு வெளியே எல்லாம் கறுப்பு. டம்ளரின் ஓரம் கறுப்புக் கோடாக வரும். மாறாக, வெள்ளைப் பரப்பின் நடுவில் கறுப்பு அட்டை சட்டத்தை நிரப்ப, அட்டையைத் தாண்டி வெள்ளை எட்டிப் பார்த்தால் ஓரம் வெள்ளைக் கோடாக மின்னும். டம்ளரிலிருந்து பின்னணி 30, 40 செ.மீ. தள்ளி இருக்கட்டும். இரண்டாவது முறையில் ஒவ்வொரு தூசியும் நட்சத்திரம் போலத் தெரியும், கையுறை போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி விரலால் தொடாதீர்கள்.

ஜனவரி 14

சின்னச் சின்ன விஷயங்கள், ஒரே மூச்சில்.

வெள்ளைத் தாள் சாம்பலாக வருகிறது என்றால் கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கிறது என்று பொருள். எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்சத்தை) 1 முதல் 1.7 ஸ்டாப் ஏற்றுங்கள், ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். கறுப்புத் துணியில் வைத்தால் 1 முதல் 1.5 ஸ்டாப் இறக்குங்கள். படத்தில் கோடு கோடாகப் பட்டை ஓடினால் எல்இடி விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100 விநாடி, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120 விநாடி. முக்காலியும் 2 விநாடி டைமரும் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் கூர்மை கேட்காதீர்கள்.

சட்டத்தின் ஓரம். பொருளின் முனை சட்டத்தை மயிரிழையில் தொட்டுக்கொண்டு நிற்பதுதான் மோசமான இடம். ஒன்று தெளிவாக உள்ளே, அல்லது துணிந்து வெட்டி வெளியே. இதே விதி பொருளுக்கும் அதன் நிழலுக்கும், பொருளுக்கும் மேசை விளிம்புக் கோட்டுக்கும் பொருந்தும். கைப்பிடியின் வளைவு மேசை விளிம்பை உரசினால் இரண்டும் ஒன்றாக ஒட்டி ஆழம் காணாமல் போகும். லென்ஸை 2 செ.மீ. ஏற்றினாலோ இறக்கினாலோ தீர்ந்துவிடும்.

பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், 50 செ.மீ. தூரம், எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சின்னது) என்றால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தம் சுமார் 29 மி.மீ. கோப்பைக்கு அது போதாது. எஃப்/16க்குப் போனால் ஆழம் இரட்டிக்கும், ஆனால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுக்க லேசாக மழுங்கும். எஃப்/8இலேயே நின்று, ஃபோகஸை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்தி 4, 5 படம் எடுத்து மென்பொருளில் அடுக்குவது மேல். ஒவ்வொரு படத்தின் கூர்மைப் பகுதியும் அடுத்ததன் மீது கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு மங்கல் வளையம் மிஞ்சும்.

ஜனவரி 15

"அப்படியானால் பொருளின் பயன்பாட்டை மறைத்துவிட்டால் வடிவம் தானாக வெளியே வருமா?" இந்தக் கேள்வி நல்ல கேள்வி, என் பதில் இரண்டு பக்கமும் போகிறது.

மறைத்த புகைப்படக்காரர்களைப் பார்ப்போம். பால் ஸ்ட்ராண்ட் 1916இல் சாதாரணக் கிண்ணங்களை மிகக் கிட்டே, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எடுத்தார். கிண்ணம் என்று உணரும் முன்பே பிறைகளும் வளைவுகளும் வந்துவிடுகின்றன. எட்வர்ட் வெஸ்டன் 1925இல் மெக்சிகோவில் ஒரு கழிப்பறைப் பீங்கானைச் சிற்பம் போல எடுத்தார். அதே வெஸ்டன் 1930இல் குடைமிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனல் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். சுவரும் மேசையும் சந்திக்கும் கோடு போய்விட்டது, வளைந்த தகரம் ஒளியை எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாகத் திருப்பி விட்டது. நம் கையில் தகரப் புனல் இல்லாவிட்டால் ஏ2 அளவுச் சாம்பல் சார்ட் பேப்பரைப் பொருளின் மூன்று புறமும் அரைவட்டமாக வளைத்து நிறுத்தலாம். மடிப்பு விழாமல் வளைப்பது முக்கியம், மடிப்பு விழுந்தால் அது கோடாகி "இது மேசை, இது சுவர்" என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மறைக்காதவர் வாக்கர் எவன்ஸ். 1955 ஜூலையில் ஃபார்ச்சூன் என்ற அமெரிக்க வணிக இதழில் பிளையர், ஸ்பேனர், கொத்தனார் கரண்டி போன்ற ஐந்து கருவிகளை வெறும் பின்னணியில் நேராக வைத்துக் காட்டினார். படத்தின் கீழே கருவியின் பெயரும் விலையும். கவித்துவத் தலைப்பு இல்லை, உருமாற்றம் இல்லை. ஆனாலும் அந்த ஸ்பேனரின் தாடையைப் பார்த்தால் கை பரபரக்கும்.

எனவே மறைக்க வேண்டியது பயன்பாட்டை அல்ல, சூழ்நிலையை. சமையலறை மேடை, பின்னால் சுவிட்ச், பாதி தெரியும் பாட்டில் எல்லாம் போகட்டும். ஸ்பேனர் ஸ்பேனராகவே இருக்கலாம். எதைப் போல இருக்கிறது என்பதை விட்டு எப்படி நிற்கிறது என்று கேளுங்கள் என்று ஜனவரி 6இல் சொன்னதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

ஜனவரி 16

பிளக் பாயின்ட்டைக் கழற்றித் தனியாக மேசையில் வைத்து எடுக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். முகத்தைத் தேடிப் போய் ஷாக் வாங்காதீர்கள். மாட்டாத புதிய பிளக் பாயின்ட் கிடைக்கும், அதை வைத்து எடுங்கள். அது இன்னும் ஆச்சரியப்பட்ட முகத்தோடு இருக்கும்.

ஜனவரி 20

தேய்மானம். பயன்பட்ட பொருளின் வடிவத்தை இரண்டு பேர் செய்திருக்கிறார்கள், தொழிற்சாலையும் கையும். சோப்பின் நடுக் குழி, சாவியின் பல்லில் மழுங்கிய முனை, கத்தரிக்கோல் வளையத்தில் கட்டைவிரல் தேய்த்துப் பெயிண்ட் போன இடம், டூத் பிரஷ் நார்கள் ஒரே பக்கம் படுத்திருப்பது. கடைசிச் சங்கதியில் ஆள் வலக்கையா இடக்கையா என்பது வரை ஊகிக்கலாம். புதுப் பொருளைவிடப் பழையதுக்கு என் ஓட்டு.

எடுக்கும் முறை வேறு. இங்கே 45 பாகை உதவாது. விளக்கைப் பரப்பை உரசும்படி 5 முதல் 10 பாகைக்கு இறக்குங்கள். 10 பாகையில் 0.1 மி.மீ. மேட்டுக்குக் கிட்டத்தட்ட 0.6 மி.மீ. நிழல் விழும், 5 பாகையில் 1 மி.மீ.க்கு மேல். கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாம் பள்ளத்தாக்காகிவிடும். விளக்கு பரப்புக்கு நேர் மட்டத்துக்கு வந்துவிட்டால் படத்தில் பாதி இருட்டு, பாதி வெளுப்பு, அதனால் டார்ச்சைக் கையில் பிடிக்காமல் புத்தகம் அடுக்கி அதன்மேல் வையுங்கள். ஒரு புத்தகம் எடுப்பதும் வைப்பதும்தான் கோணத்தைச் சரிசெய்யும் திருகு.

கீறலின் திசைக்குக் குறுக்காக ஒளி வர வேண்டும். கீறல் ஓடும் திசையிலேயே விளக்கு இருந்தால் ஒன்றுமே தெரியாது. சந்தேகம் இருந்தால் விளக்கை விட்டுவிட்டுப் பொருளைத் திருப்பிப் பாருங்கள்.

படம் எடுக்கும் முன் பொருளைக் கழுவாதீர்கள், தூசியை மட்டும் ஊதிவிடுங்கள். சாவியின் இடுக்கில் உள்ள கறுப்பும் வடிவத்தின் ஒரு பாகம்.

ஜனவரி 22

ஒரு பொருளில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதே இனத்தில் ஒன்பது எடுங்கள். ஜெர்மன் புகைப்படத் தம்பதி பெர்ன்ட், ஹில்லா பெஷர் 1959இலிருந்து இதைத்தான் செய்தார்கள். தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், மேகமூட்டமான வானத்தின் கீழே, நேர் எதிரிலிருந்து, வரிசையாக. ஒரு சாவி பார்த்தால் சாவி. ஒன்பது சாவி கட்டமாக வைத்தால் எது நிமிர்ந்தது, எது தேய்ந்தது, எது தடியன் என்று கண் தானே ஒப்பிட ஆரம்பிக்கும்.

ஒப்பீடு நடக்க வேண்டுமானால் வேறு எதுவும் மாறக் கூடாது. மேசையில் பொருள் இருக்கும் இடத்தை டேப்பால் குறியுங்கள், முக்காலிக் கால்களையும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பல ஃபோன்களில் எக்ஸ்போஷரும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிசெய்தலை) தானியங்கியில் விட்டால் பித்தளைச் சாவிக்கு ஒரு நிறம், எஃகுச் சாவிக்கு ஒரு நிறம் என்று தாளே மாறும், அதையும் நிலைப்படுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் இதற்கு ஆகாது, மேகம் ஒன்று கடந்தால் கட்டத்தில் ஒரு சாவி மட்டும் மங்கித் தெரியும்.

ஜனவரி 25

தேர்வு செய்வது பற்றிக் கேட்டார்கள். படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சிறிதாக்குங்கள். அந்த அளவிலும் ஒரு வடிவம் நிற்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்புங்கள். பொருளின் பெயர் கொஞ்சம் மறந்து, கறுப்பு வெள்ளைப் பரப்புகளின் சமநிலை மட்டும் தெரியும். ஒரு மூலை மட்டும் வெறிச்சென்று இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கறுப்பு வெள்ளையாக மாற்றுவதற்கு ஒரே பொத்தானை நம்ப வேண்டாம். சிவப்புக் கைப்பிடியும் பச்சைத் துணியும் நேரில் அடித்துக்கொள்ளும், மாற்றினால் ஒரே சாம்பலாகி இரண்டும் சேர்ந்துவிடும். நிறவாரியாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியில் சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கினால் கைப்பிடி பிரிந்து வரும். அதிகம் இழுத்தால் நிழல் பகுதியில் பொரிப்பொரியாகப் புள்ளி தெரியும், ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) இருந்தால் கொஞ்சம் தாங்கும்.

ஜனவரி 28

கடைசியாக வந்த கேள்வி: என்ன அளவில் அச்சுப் போடுவது? இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் படத்தின் குணமே இங்கே மாறும். 6 செ.மீ. சாவியை 6 செ.மீ.யாகவே அச்சிட்டால் கை தானாக எடுக்கப் போகும், அது பொருள். அதையே 40 செ.மீ. ஆக்கினால் கிட்டத்தட்ட 7 மடங்கு, இப்போது அது கட்டடம் போல எதிரே நிற்கும். புகைப்படக்காரர் இர்விங் பென் 1972இல் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் படம் எடுத்து, பிளாட்டினம் உப்பு பூசிய தாளில் பெரிய அச்சுகளாகப் போட்டார். குப்பை தூண்களாகிவிட்டது, காரணம் பாதி ஒளி, பாதி அளவு.

7 மடங்குக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, தூசியும் 7 மடங்கு ஆகும் என்பது. எடுக்கும் முன் ஊதும் பம்பால் இரண்டு முறை ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் திவலை ஒட்டும். 40 செ.மீ. நீளத்துக்கு அங்குலத்துக்கு 300 என்றால் சுமார் 4700 பிக்சல் வேண்டும். ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கப்போகிறவர்களுக்கு 200 போதும், அப்போது 3150. வெட்டிய ஃபோன் படம் 2000தான் இருக்கிறது என்றால் 25 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மங்கலான தாளில் போடுங்கள், பளபளப்புத் தாளில் அறை விளக்கு வந்து உட்கார்ந்துகொண்டு நீங்கள் பாடுபட்டு வைத்த நிழலின் மேல் இன்னொரு நிழல் போடும்.

முள்கரண்டிப் படங்களைப் போடுகிறவர்கள் விளக்கின் தூரத்தையும் சாய்வையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் "நிழல் சரியில்லை" என்றால் யாரும் உதவ முடியாது.